விலாசம் இல்லாத நோட்டீஸ்

எண்பத்து மூன்றாம் வருடத்துத் தை மாதம். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் லாட்ஜின் மாடிப்படியில் ஓர் இடம் பிடிக்க வேண்டுமானால் காலை ஆறு மணிக்கே வந்துவிட வேண்டும். தகரக் கூரைகளில் உறைபனி சுண்ணாம்பு பூசியதுபோல் கிடக்கும். அந்தக் குளிரில் குல்லாயும் கம்பளியுமாக, ஒரு படிக்கு இரண்டு பேர் வீதம் ஜனம் உட்கார்ந்திருக்கும். தூர தேசத்துக் கதைகளில் பனியில் வரிசையாக நிற்கிறவர்கள் ரொட்டி வாங்க நிற்பார்கள். எங்கள் ஊரில் ரொட்டி விற்கிறவர்களே நின்றார்கள்.

கூடவே குடை ரிப்பேர்காரர், தைலக்கடைக்காரர், வர்க்கி பிஸ்கட் சுடுகிறவர், ஸ்வெட்டர் பின்னி விற்கிறவர். எல்லோரும் சின்ன வியாபாரிகள். எல்லோருக்கும் ஒரே குறை. கடைக்கு ஆள் வரவில்லை. மாடியில் நாலாம் நம்பர் அறையில் இருந்த ஏழுமலை சுவாமிகள் ஆளை வரவழைத்துக் கொடுத்தார்.

வரவழைக்க அவர் வைத்திருந்த கருவி நோட்டீஸ். சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் கையில் திணிப்பார்களே, அந்த நோட்டீஸ்தான். ஆனால் மந்திரத்தால் உருவேற்றிய நோட்டீஸ். வியாபாரி போய்த் தன் தொழிலைச் சொல்வார். சுவாமிகள் கண்ணை மூடி வாசகம் சொல்வார். அதை மஞ்சள் தாளில் ஐந்நூறு பிரதி அச்சடித்துக் கட்டாகக் கொண்டுவந்து வைத்தால், கட்டின்மேல் நூற்றெட்டு முறை மூச்சு விடுவார். தட்சிணை ஐம்பத்தொரு ரூபாய். அச்சுக்கூலி தனி. மூச்சு மட்டும் அவருடையது.

வாசகத்துக்கு மூன்று விதிகள் உண்டு. முதல் விதி, விலாசம் போடக்கூடாது. போட்டால் கண்ணேறு அந்த விலாசத்தைப் படித்துவிட்டு நேரே கடைக்கு வந்து சேரும். இரண்டாவது, விலை போடக்கூடாது. லட்சுமிக்குக் கூச்சம். மூன்றாவது, விற்கிற பொருளின் பேரைச் சொல்லக்கூடாது. சொன்னால் பொருளின் சக்தி காற்றில் போய்விடும். இந்த மூன்றையும் எடுத்துவிட்ட பிறகு ஒரு நோட்டீஸில் என்ன மிஞ்சும் என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களை சுவாமிகள் அறைக்குள் விடமாட்டார். சந்தேகம் இருக்கும் இடத்தில் மூச்சு தங்காது.

சுவாமிகளின் புகழ் ஐப்பசியில் ஆரம்பித்தது. தைலக்கடை தனசிங் உருவேற்றிய நோட்டீஸைக் கொடுத்த மறுநாள் மலைப்பாதையில் மண் சரிந்தது. மேட்டுப்பாளையம் போகிற பஸ்கள் பதினொன்று இரண்டு நாள் ஊருக்குள் நின்றன. மழையில் நனைந்த அத்தனை பிரயாணிகளும் தும்மினார்கள், இருமினார்கள். பஸ் நின்ற இடத்திலிருந்து பத்தடியில் தனசிங்கின் கடை. யூகலிப்டஸ் தைலம் கடைசிப் பாட்டில் வரை விற்றுப்போயிற்று. தனசிங் சுவாமிகளுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார். மண்சரிவுக்கு யாரும் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அதன்பிறகு ஊர் மஞ்சளாயிற்று.

குடை ரிப்பேர் சண்முகசுந்தரத்துக்கு சுவாமிகள் அருளிய வாசகம் இது: 'ஓம் வருக! ஒடிந்தது நிமிரும். கிழிந்தது சேரும். வானம் பார்த்து வாழ்க.' இதைப் படித்துவிட்டு மூன்று பேர் எலும்பு முறிவு வைத்தியர் வந்திருக்கிறார் என்று கையைத் துணியில் தூக்கிக் கட்டிக்கொண்டு மார்க்கெட் முழுக்கத் தேடினார்கள். விலாசம் இல்லாததால் சண்முகசுந்தரம் தப்பித்தார்.

மற்றவர்கள் தேடக்கூட இல்லை. தாளில் 'ஓம்' இருந்தது. அதைக் கசக்கிப் போடவும் முடியாது, கடலை மடிக்கவும் முடியாது. பயபக்தியோடு வீட்டுக்குக் கொண்டுபோய்க் குங்குமம் வைத்துச் சுவரில் ஒட்டினார்கள். எந்தக் கம்பெனிக்கும் கிடைக்காத பாக்கியம் எங்கள் வியாபாரிகளுக்குக் கிடைத்தது. குன்னூரில் பாதி வீட்டுச் சாமி மாடத்தில் அவர்களுடைய விளம்பரம் இருந்தது. அது எதற்கு விளம்பரம் என்றுதான் எந்த வீட்டுக்கும் தெரியாது.

வியாபாரம் கூடாதவர்கள் போய்க் கேட்டால் சுவாமிகள் வருத்தத்தோடு சிரிப்பார். "உன் நம்பிக்கையில் ஓட்டை இருக்கிறது" என்பார். ஓட்டையை அடைக்க இரண்டாம் உரு. அதற்கு நூற்றைம்பத்தொன்று.

இந்த நோட்டீஸ்கள் அத்தனையும் கீழ்க் குன்னூரில் தேவநேசனின் அச்சகத்தில்தான் அச்சாயின. தேவநேசன் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். மந்திரத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. மஞ்சள் தாளில் உண்டு. மூன்று வருடமாகக் கல்யாணப் பத்திரிகையை மட்டும் நம்பி ஓடிய மெஷின் இப்போது நாள் முழுக்க ஓடியது.

அவரிடம் எழுத்துக் கோக்கிற வேலையில் இருந்தவள் ஐவி. இருபத்தாறு வயது. ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக அடுக்குகிறவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகப் படிப்பாள்.

"அண்ணாச்சி, இதுல என்ன விக்கறாங்கன்னே தெரியலையே?" என்று முதல் வாரமே கேட்டாள்.

"நமக்கென்ன பிள்ளை? அவர் சொல்லுறதுக்கு ஆமென் போடச் சொல்லல. அச்சுதானே போடச் சொல்லுறார்."

ஐவி காலைச் சாப்பாட்டை அன்னத்தின் கடையில் முடித்துக்கொள்வாள். ஜெகதளா ரோட்டில் பஸ் நிற்குமிடத்தில், தபால் பெட்டிக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை. அன்னம் சிலோனிலிருந்து திரும்பி வந்தவள். பன்னிரண்டு வருடம் இங்கே எஸ்டேட்டில் கொழுந்து பறித்து, சரிவில் விழுந்து முழங்கால் போய், வேலையை விட்டாள். கையில் வந்த பி.எப். பணத்தில் ஒரு பெரிய இரும்பு ரொட்டிக்கல் வாங்கினாள். ஒரே நேரத்தில் எட்டு தேங்காய் ரொட்டி போடலாம். கூடத் தேங்காயும் மிளகாயும் இடித்த காரமான சம்பல். சாப்பிட்டவர்கள் மறக்கமாட்டார்கள். சாப்பிட்டவர்கள் ஏழெட்டுப் பேர்தான் என்பது சங்கடம். அரை மைல் தள்ளி இருந்த பாக்டரியின் ஷிப்டுக்கு அந்த ரோட்டில் நூற்றுக்கணக்கான பேர் போய்வந்தார்கள். அந்தக் கொட்டகைக்குள் ரொட்டி இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

மாசி பிறந்த வாரத்தில் ஒருநாள் ஐவி ரொட்டியைப் பிய்க்கும்போது அன்னம் சொன்னாள்:

"கல்லை விக்கப் போறேன் தங்கச்சி. மேட்டுப்பாளையத்து ஓட்டல்காரர் ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாறார்."

"கல்லை வித்துட்டு எதுலக்கா ரொட்டி போடுவீங்க?"

"ரெண்டாம் உரு ஏத்தோணுமாம். என்ட நம்பிக்கையில ஓட்டையாம். அது சரியானா ஆள் தானா வருவாங்க, புதுக் கல்லே வாங்கலாம்னு சாமி சொன்னார்."

ஐவி தான் அச்சுக்கோத்த அன்னத்தின் நோட்டீஸை நினைத்துப் பார்த்தாள். 'ஓம் வருக! வட்டத்தில் பூரணம். வந்தோர்க்கு நிறைவு. பசித்தவர் அறிவர்.'

"அக்கா, அந்த நோட்டீஸ்ல ரொட்டின்னே இல்லையே."

"பேர் சொல்லக்கூடாதாம்."

"கடை எங்கன்னும் இல்லை."

"சொன்னா கண்ணேறு வந்திருமாம்."

"வரலைதானே?"

"ஒண்ணும் வரல."

"ஆளும் வரலைதானே?"

அன்னம் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "சும்மா கதைக்காத பிள்ளை. முழங்கால் போனவ திரும்ப மலையேறிக் கொழுந்து பறிக்க ஏலுமா? இந்தக் கடை போனா எனக்கு வேற என்ன இருக்கு? சாமியையும் நம்பாட்டி நான் யாரத்தான் நம்புறது?"

ஐவி கையைக் கழுவிக்கொண்டு போனாள்.

அன்று மாலையே சுவாமிகள் அச்சகத்துக்கு எழுந்தருளினார். பின்னால் தனசிங், சண்முகசுந்தரம், இன்னும் பத்துப் பதினைந்து பேர். குன்னூரில் அருள் நிரம்பிவிட்டதால் கோத்தகிரியில் ஒரு முகாம் போடப்போகிறாராம். அதற்கு அவருக்கே ஒரு நோட்டீஸ் வேண்டும். இரண்டாயிரம் பிரதி. தேவநேசன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சுவாமிகள் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ஐவியிடம் கொடுத்தார்.

'வியாபாரம் பெருக உருவேற்றிய நோட்டீஸ். ஏழுமலை சுவாமிகள் கோத்தகிரி வருகை. மாசி 10 முதல் 15 முடிய. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடை மாடி, அறை எண் 2. காலை 9 முதல் 1 வரை. தட்சிணை ரூ. 51 மட்டும். முதலில் வரும் பத்துப் பேருக்கு எலுமிச்சம்பழம் இலவசம்.'

உள்ளதைச் சொல்ல வேண்டும். நல்ல நோட்டீஸ். என்ன கிடைக்கும், எங்கே கிடைக்கும், எப்போது, எவ்வளவு என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டது. நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று சோம்பல்படுகிறவனைக் கிளப்ப ஓர் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தது. செலவில்லாமல் விளம்பரம் எழுதுவது எப்படி என்று யாராவது பாடம் நடத்தினால் இந்த ஒரு காகிதம் போதும்.

ஐவி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்:

"சாமி, எல்லாருக்கும் போடற மாதிரி இதையும் உங்க முறைப்படியே போட்டுடட்டுங்களா?"

பக்தர்கள் சுவாமிகளைப் பார்த்தார்கள். பக்தர்கள் பார்க்கும்போது சுவாமிகளுக்குப் பேச வருவது ஒரே விதமாகத்தான். கண் பாதி மூடிக்கொண்டது.

"நம் முறையை விட்டால் உலகத்தில் வேறு முறை ஏதம்மா?"

சண்முகசுந்தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஐவி ஆர்டர் புத்தகத்தில் 'வாசகம்: சுவாமிகள் முறைப்படி' என்று எழுதி நீட்டினாள். அவர் பெரிய சுழியோடு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஐவி முறை தவறாமல் வேலை செய்தாள். முதல் விதிப்படி கோத்தகிரி, பஸ் ஸ்டாண்ட், மருந்துக்கடை, அறை எண் எல்லாம் போயின. இரண்டாம் விதிப்படி ஐம்பத்தொரு ரூபாய் போயிற்று. மூன்றாம் விதிப்படி உருவேற்றிய நோட்டீஸ் என்ற பேரும், அதை விற்கிற சுவாமிகளின் பேரும் போயின. இலவசமும் ஒரு விலைதானே என்று எலுமிச்சம்பழத்தையும், இடமே இல்லாத பிறகு எதற்கு என்று தேதியையும் நேரத்தையும் எடுத்தாள். மிஞ்சியதற்குச் சுவாமிகளின் பழைய வாசகங்களைப் பார்த்துப் பார்த்து அதே ஜாடையில் மூன்று வரி கோத்தாள். 'ஓம் வருக! வந்தால் பெருகும். பெருகினால் நிறையும். அறிந்தவர் அறிவர்.'

முதல் பிரதியைத் தேவநேசன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"என்ன பிள்ளை இது?"

"அவர் முறைதான் அண்ணாச்சி. கையெழுத்து இருக்கு."

"ரெண்டாயிரம் காப்பி ஆர்டர்."

"ஆமாங்க."

"இந்த ஆள் போயிட்டா பழையபடி கல்யாணப் பத்திரிகைதான். தெரியுமா?"

"தெரியும். ஞாயித்துக்கிழமை அன்னம் அக்கா ரொட்டிக்கல்லை விக்கறாங்க. அதுவும் தெரியும்."

தேவநேசன் தாளை இன்னொரு முறை எழுத்து எழுத்தாகப் படித்தார். அவரும் அந்தக் கடையில் ரொட்டி தின்றவர். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"'அறிவர்'க்கு அப்புறம் புள்ளி சரியா விழல. பாத்துப் போடு."

ஞாயிற்றுக்கிழமை காலை. லாட்ஜின் கீழ்க்கூடத்தில் அறுபது பேர். இரண்டாம் உருவுக்குப் பேர் கொடுக்க வந்தவர்களில் அன்னமும் இருந்தாள். முழங்காலை நீட்டியபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மதியம் ஓட்டல்காரர் வந்து கல்லை எடுத்துக்கொண்டதும் தட்சிணையைக் கட்டுவதாக ஏற்பாடு.

தேவநேசனும் ஐவியும் கட்டைக் கொண்டுவந்து மணைமேல் வைத்தார்கள். சணல் பிரிக்கவில்லை. சுவாமிகளும் பிரிக்கவில்லை. அவர் மூச்சுக்குச் சணலெல்லாம் தடையா? கட்டின்மேல் கை வைத்து நூற்றெட்டு மூச்சு விட்டார். கூட்டமே சேர்ந்து எண்ணியது. கற்பூரம் காட்டியாயிற்று. முதல் பிரதியைத் தனசிங்குக்குக் கொடுப்பதற்காகச் சணலை அறுத்து ஒரு தாளை உருவினார். உருவியவர் சும்மா ஒருமுறை கண்ணை ஓட்டினார்.

ஐந்து மாதமாக எங்கள் ஊர் கேட்காத ஒரு குரல் அவர் தொண்டையிலிருந்து வந்தது.

"யோவ்! என்னய்யா அடிச்சு வெச்சிருக்கீங்க? அட்ரஸ் எங்கய்யா? தேதி எங்க? ரூபா எங்க? அட்ரஸ் இல்லாம எவன்யா வருவான்? ரெண்டாயிரம் தாளும் குப்பைக்குத்தான் போவணும்!"

கற்பூரம் ஒருதரம் படபடத்து அணைந்தது.

அன்னம்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"சாமி, அப்ப எனக்கு மட்டும் எப்படி வருவாங்க?"

அவள் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் கூடத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது தன் கேள்வியாகக் கேட்டது.

சுவாமிகளுக்குக் கண் பாதி மூடிக்கொண்டது. பழைய குரலைத் தேடி எடுத்தார். "அம்மா, சாமானியர்களுக்கு ஒரு முறை. சித்தர்களுக்கு ஒரு முறை."

"வேற முறை ஏதுன்னு அன்னிக்கு நீங்கதானே கேட்டீங்க?" என்றாள் ஐவி. ஆர்டர் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். "இதோ கையெழுத்து. போகட்டும் சாமி, உருத்தான் ஏத்தியாச்சே. நூத்தெட்டும் எண்ணியாச்சு. இந்தக் கட்டையே கோத்தகிரில குடுப்போம். எத்தனை பேர் தானா வர்றாங்கன்னு எல்லாருமே போய்ப் பாத்துடலாம்."

"அதெப்படி? வேண்டாம். இதை நான் கொடுக்கமாட்டேன்."

சண்முகசுந்தரத்துக்கு இன்னொரு சந்தேகம் வந்துவிட்டது. "ஏனுங்க சாமி, அட்ரஸ் போட்டா கண்ணேறு வரும்னீங்கல்ல? உங்க ரூமுக்கு மட்டும் அதுக்கு வழி தெரியாதுங்களாக்கும்?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்தபோது ஒவ்வொருவரும் தன் ஐம்பத்தொன்றை நினைத்துக்கொண்டிருந்தார்கள். சுவாமிகள் நீராடிவிட்டு வந்து விளக்கம் சொல்வதாகக் கூறி மாடியேறினார். லாட்ஜுக்குப் பின்பக்கமும் ஒரு படி உண்டு. பதினொன்றே முக்கால் பஸ்ஸில், தனசிங் எடுத்துக் கொடுத்த வேட்டியோடு, ஒரு பிரயாணி மேட்டுப்பாளையம் இறங்கிப் போனதாக அப்புறம் கண்டக்டர் சொன்னார்.

நாலாம் நம்பர் அறையில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. உள்ளே திண்டுக்கல், கரூர், பொள்ளாச்சி என்று ஊர் ஊராக அவருடைய பழைய நோட்டீஸ்கள். லாட்ஜ் மேனேஜர் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். எதிலும் விலாசம் விட்டுப்போகவில்லை. எதிலும் தட்சிணை விட்டுப்போகவில்லை. எலுமிச்சம்பழம் எல்லா ஊரிலும் முதல் பத்துப் பேருக்குத்தான்.

மதியம் ரொட்டிக்கல்லுக்கு வந்த மேட்டுப்பாளையத்து ஓட்டல்காரருக்கு அன்னம் இரண்டு ரொட்டியும் சம்பலும் கொடுத்தாள். "கல் விக்கிறதில்ல" என்றாள். அவர் இன்னும் இரண்டு ரொட்டி கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனார்.

தனசிங் மட்டும் அசரவில்லை. "சாமி ஆள் மோசமா இருக்கலாம்வே. மூச்சு மோசமில்ல. என் தைலம் வித்துச்சா இல்லையா?" என்று அந்த இரண்டாயிரத்தையும் தூக்கிக்கொண்டு கோத்தகிரி போனார். சந்தையில் ஒன்று விடாமல் கொடுத்தார். மருந்துக்கடை மாடியில், சுவாமிகள் முன்பணம் கட்டியிருந்த அறையில் இரண்டு நாள் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். ஒரே ஒருவர் படியேறி வந்தார். தாடையைப் பிடித்துக்கொண்டு, "இங்க பல்லு புடுங்குவாங்களா?" என்று கேட்டார். தனசிங் திரும்பி வந்து நெஞ்சில் சொந்தத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்தார்.

அதற்குள் ஐவி, கல்யாணப் பத்திரிகை வெட்டியதில் கழிந்த வெள்ளைத் துண்டுகளைப் பொறுக்கி அன்னத்துக்கு ஒரு நோட்டீஸ் போட்டிருந்தாள். தாளுக்குக் காசில்லை. 'சூடான தேங்காய் ரொட்டி, காரச் சம்பல். இரண்டு ரொட்டி ஒரு ரூபாய். காலை ஐந்தரை முதல். ஜெகதளா ரோடு பஸ் ஸ்டாப், தபால் பெட்டிக்கு எதிரே. ஷிப்டுக்குப் பார்சல் உண்டு.' ஷிப்ட் விடும் நேரத்தில் இருவரும் ரோட்டோரம் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குத் தபால் பெட்டிக்கு எதிரே இருபது பேர். அந்த வாரக் கடைசியில் எட்டு ரொட்டிக் கல் போதவில்லை. சாப்பிட்டவர்கள் நோட்டீஸில் கையைத் துடைத்துக் கசக்கி எறிந்தார்கள். அது வேலையை முடித்துவிட்டிருந்தது.

இங்கே கதையை முடித்துவிடத்தான் ஆசை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை காலை தேவநேசன் அச்சகத்தைத் திறக்க வந்தபோது வாசலில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். முதல் ஆள் சண்முகசுந்தரம். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம்.

"என்ற நோட்டீஸை ஐவிப் புள்ள கையாலதான் கோக்கோணுமுங்க. ராசியான கை. அன்னத்துக்கு அப்படியே அள்ளிக் குடுத்துப்போட்டுதல்லங்க?"

அவருக்குப் பின்னால் நின்ற தனசிங், அன்னத்தின் வெள்ளை நோட்டீஸ் ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்து, நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

ஐவி தாம்பாளத்திலிருந்து ஒரு வாழைப்பழத்தை மட்டும் எடுத்து உரித்தாள். "கையில ஒண்ணும் இல்லைங்க. தபால் பெட்டிக்கு எதிரேன்னு ஒரு வரி இருந்துச்சு, அவ்வளவுதான். சொல்லுங்க, குடைக்கடை எங்க இருக்கு?"

சண்முகசுந்தரம் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "சொல்லலாமுங்களா?"

அந்த ஐந்து மாதத்தில் குன்னூர் காதில் வாங்கிய முதல் அறிவுள்ள கேள்வி 'அட்ரஸ் இல்லாம எவன் வருவான்?' என்பது. அதையும் கேட்டவர் சாமியார்தான். நாம் அதை முதல் நாளே, மாடிப்படியிலேயே, தட்சிணை இல்லாமல் கேட்டிருக்கலாம்.